கறுப்பு பீருக்கு ஒரு குறிப்பு

"திரும்பத் திரும்ப எழுதிட்டேன். இதுக்கு மேல என்னால முடியாதுக்கா" என்றாள் சங்கவி.

பெலிசியா தாளை வாங்கிப் படித்தாள். மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டாள்.

"சரி. இந்த பீர் எப்படி இருக்கு?"

சங்கவிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

புதுச்சேரிக்கு வெளியே பெலிசியா நடத்துகிற சின்ன பீர் ஆலை அது. அவள் காய்ச்சும் ஸ்டவுட்டுக்குப் பெங்களூரிலிருந்துகூட ஆள் வரும். பார்லியைக் கருக வறுத்துக் காய்ச்சி, மாதக்கணக்கில் தொட்டியில் கிடக்கவிட்டு எடுக்கிற கறுப்பு பீர். ஒரு கிளாஸ் உள்ளே போனாலே காது சூடாகும்.

சுவைத்து எழுதக் கற்றுக்கொள்ள அவளிடம் வந்தவள் சங்கவி. இன்று மத்தியானம் தொட்டியிலிருப்பது பாட்டிலுக்குப் போகிறது. அதற்குள் சுவைக் குறிப்பு தேறினால் பாட்டில் மேல் சங்கவியின் பெயர் இருக்கும். தேறாவிட்டால் ஊருக்கு பஸ்.

"முதல்ல என்ன எழுதினேன்? டார்க் சாக்லேட், உலர்ந்த பிளம், கடைசியில் மெல்லிய புகையிலை. அதுல என்ன குறை?"

"பிளம் தின்னிருக்கியா?"

"படிச்சிருக்கேன்."

"புகையிலை?"

"வீட்ல தெரிஞ்சா கொன்னுடுவாங்கக்கா."

"பீர் குடிக்கிறேன்னு சொன்னா மட்டும் ஆரத்தி எடுப்பாங்களாக்கும்."

"அதனாலதானே மாத்தினேன்! கருப்பட்டி, வறுத்த எள்ளு, சுக்கு. மண்ணின் மணம்னு தலைப்புகூட வச்சேன்."

"யாருக்குப் பிடிக்கும்னு வச்ச?"

"உங்களுக்குத்தான்!"

"எனக்குக் கருப்பட்டி பிடிக்காது."

சங்கவி நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு எழுந்தாள்.

"அப்புறம் கவிதை எழுதினேன். இருட்டைக் காய்ச்சி ஊத்தின மாதிரி இருக்குன்னு."

"இருட்டு எப்படி இருக்கும்னு கேட்டேன்."

"மார்க்கும் போட்டேன். பத்துக்கு ஒன்பது."

"ஏன் ஒன்பது?"

"பத்து போட்டா ஜால்ரான்னு நினைப்பீங்க."

பெலிசியா நெற்றியைத் தேய்த்துக்கொண்டாள். "சங்கவி, எனக்குத் தலை வலிக்குது. நான் கேட்டது ஒரே ஒரு கேள்வி. இந்த பீர் எப்படி இருக்கு?"

"அராஜகம்க்கா இது! காலேஜ்லயும் இதேதான். சரியான விடையை மேஜை டிராயர்ல பூட்டி வச்சுக்கிட்டு, யோசி, யோசின்னு கழுத்தை அறுப்பாங்க. உங்க மனசுல என்ன இருக்குன்னு நான் கண்டுபிடிக்கணும். இதுக்குப் பேரு பாடமா?"

"என் மனசுல ஒண்ணும் இல்ல."

"பாருங்க, இதான்! இந்த ஞானி பேச்சுதான் எனக்கு ஆகவே ஆகாது!"

"கேட்டா பதில் சொல்லுவியா, சண்டை போடுவியா?"

"ரெண்டும் செய்வேன்." கிளாஸை மேஜையில் பெலிசியா பக்கம் நகர்த்தினாள். "இப்ப நீங்க சொல்லுங்க. என் முன்னாடி குடிச்சுச் சொல்லுங்க."

பெலிசியா குடித்தாள்.

"கசக்குது. கனமா இருக்கு. நுரை நாக்குல நிக்குது."

"அப்புறம்?"

"அவ்வளவுதான்."

"அவ்வளவுதானா? இதை நான் எழுதியிருந்தா மூஞ்சியிலயே விட்டெறிஞ்சிருப்பீங்க!"

பெலிசியா கிளாஸைக் கீழே வைத்தாள்.

"மழைக்காலத்துல எனக்கு ஒரு காய்ச்சல் வந்துச்சு. அதோட மூக்கு போச்சு. எந்த வாசனையும் தெரியல. மீன் குழம்பும் உப்புப் போட்ட வெந்நீரும் எனக்கு இப்ப ஒண்ணுதான்."

சங்கவி மேஜை மேலிருந்த கிளாஸைப் பார்த்தாள்.

"வெளிய யார்கிட்டயும் சொல்லல. மூக்கு போனவ காய்ச்சின பீரை யாரு வாங்குவா?"

"அப்ப... இத்தனை தடவை நீங்க கேட்டது..."

"தெரியாமத்தான் கேட்டேன்."

சங்கவி உட்கார்ந்தாள்.

பிறகு கிளாஸை எடுத்தாள். இந்தத் தடவை பெலிசியாவின் முகத்தைப் பார்க்கவில்லை.

"பிளாஸ்திரி" என்றாள்.

"என்னது?"

"காயத்துல ஒட்டுவாங்களே, அந்தப் பிளாஸ்திரி. பிச்சு எடுக்கும்போது ஒரு வாடை வரும் பாருங்க, அது. வறுத்த வாசனைக்கு அடியில இருக்கு. முதல் நாளே தெரிஞ்சுதுக்கா. எனக்குத்தான் ருசி பார்க்கத் தெரியலன்னு நினைச்சேன். பெரிய பீர்னா இப்படித்தான் இருக்கும்போலன்னு..."

பெலிசியா எழுந்து தொட்டியிடம் போனாள். குனிந்து, தொட்டியின் அடியிலுள்ள குழாயின் கைப்பிடியைப் பிடித்தாள்.

"பிளாஸ்திரி வாடைன்னா கெட்டுப்போச்சுன்னு அர்த்தம். மொத்தமும் சாக்கடைக்குத்தான்."

"ஐயோ! இந்த வருஷம் பூரா நீங்க காய்ச்சினது இது ஒண்ணுதானேக்கா! என் ஒருத்தி பேச்சை நம்பியா? வேற யாரையாவது கூப்பிட்டுக் கேளுங்க!"

"நேத்து ரெண்டு பேரைக் கூப்பிட்டேன். குடிச்சுட்டு என் மூஞ்சியைப் பார்த்தாங்க. டார்க் சாக்லேட்னு சொல்லிட்டுப் போயிட்டாங்க."

"நான் சொல்றது தப்பா இருந்தா?"

"கேட்டதுக்குப் பதில் சொல்லு. திறக்கட்டுமா?"

வெளியே காலி பாட்டில்கள் குலுங்க, வண்டி ஒன்று பின்பக்கமாக வந்து நின்றது.

சங்கவி இன்னொரு மடக்கு குடித்தாள். வாயிலேயே வைத்திருந்தாள். கண்ணை மூடி விழுங்கினாள்.

"திறங்க."