துடைத்து வைத்த இலைகள்

பொதிகை மலை அடிவாரத்தில் சித்த வைத்தியம் சொல்லிக் கொடுக்கும் சிறிய கல்லூரி ஒன்று இருந்தது. அதை நடத்தி வந்தவர் ஆவுடையம்மாள். அவருக்கு இன்னும் நாற்பது முடியவில்லை. அவருடைய மூத்த சீடர் சங்கரபாண்டிக்கோ ஐம்பத்தேழு. பட்டாளத்தில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்று, மிச்சக் காலத்துக்கு மருந்து படிக்கலாம் என்று வந்து சேர்ந்தவர். அவர் ஆசிரியையை 'அம்மா' என்பார். ஆசிரியை அவரை 'அண்ணாச்சி' என்பார். இதில் இருவருக்கும் எந்தச் சங்கடமும் இருந்ததில்லை.

ஒவ்வொரு வைகாசியிலும் ஒரு நாள், சேர விரும்பும் பிள்ளைகள் பெற்றோருடன் வந்து கல்லூரியைச் சுற்றிப் பார்ப்பார்கள். மூலிகைத் தோட்டத்தையும் வகுப்பையும் பார்த்துவிட்டு, மத்தியானம் பந்தியில் சாப்பிட்டுவிட்டு ஊர் திரும்புவார்கள். சேருவதா வேண்டாமா என்று முடிவெடுப்பது அதற்குப் பிறகுதான்.

போன வருஷம் அப்படி வந்தவர்கள் எழுந்த பிறகு, இலைகளில் மிஞ்சிய சோறு, தொழுவத்து மாட்டுக்கு வைத்தது போக, மூன்று வாளி இருந்தது. சங்கரபாண்டிக்கு வயிறு எரிந்தது. பனியில் மாட்டிக்கொண்ட ஒரு காவல் முகாமில், ஒரு கைப்பிடி அரிசியை ஆறு பேர் கஞ்சி வைத்துக் குடித்த ஆள் அவர். அன்றைக்கே சாப்பாட்டுக் கூடத்தின் பொறுப்பைத் தன்னிடம் கொடுக்கும்படி கேட்டார். பதில் வரவில்லை. பொங்கலுக்கு மறுபடி கேட்டார். அப்போதும் வரவில்லை. இந்த வைகாசியில் வேறு மாதிரி கேட்டார்.

"அம்மா, ஒரு பருக்கைகூட மிஞ்சாம பந்தி நடத்த முடியுமா?"

"தெரியலையே. நீங்க நடத்திப் பாருங்க, அண்ணாச்சி. கூடத்தைப் பத்தி அப்புறம் பேசிக்கிடுவோம்."

அது போதும் அவருக்கு. எடுத்த காரியத்தைப் பாதியில் விடுகிற பழக்கம் அவரிடம் கிடையாது.

முப்பத்தெட்டுப் பேர் வந்தார்கள். சாப்பாட்டுக்கு முன்னால் எல்லாரையும் வரிசையாக நிற்க வைத்து, இங்கே எப்படிச் சாப்பிட வேண்டும் என்று விளக்கினார். பேசக் கூடாது. பரிமாற வருமுன் எதையும் கேட்கக் கூடாது. பந்தி முடியுமுன் எழுந்திருக்கக் கூடாது. எழும்போது இலை துடைத்த மாதிரி இருக்க வேண்டும். இலையில் மிச்சம் வைப்பவர்கள், இந்தக் கல்லூரி தங்களுக்குச் சரிப்படுமா என்று யோசித்துக்கொள்ளலாம் என்றும் சொன்னார். இந்தக் கடைசி வாக்கியம் அவர் முன்கூட்டி நினைத்ததல்ல. வாயில் வந்தது. வந்த விதம் அவருக்கே பிடித்திருந்தது.

பிறகு கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு வரிசைகளுக்கு நடுவே நடந்தார். பிள்ளைகள் பரீட்சைக்கு உட்கார்ந்த மாதிரி உட்கார்ந்திருந்தார்கள். சோற்று வாளி பக்கத்தில் வருமுன்பே இலைமேல் கைகள் குறுக்கே விழுந்தன. போதும், போதும் என்பதைத் தவிர வேறு பேச்சில்லை. கோவில்பட்டிக்கு அந்தப் பக்கத்திலிருந்து விடியற்காலை முதல் பஸ்ஸில் அப்பாவோடு வந்திருந்த முப்பிடாதி என்ற பெண், ஒரு கரண்டிச் சோற்றை ரசத்தில் கரைத்துச் சாப்பிட்டுவிட்டு மூன்று தம்ளர் தண்ணீர் குடித்தாள். முருங்கைக்காய்ச் சக்கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் ஒரு பையன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். கால் மணி நேரத்தில் பந்தி எழுந்துவிட்டது.

சங்கரபாண்டி ஒவ்வோர் இலையாகக் குனிந்து பார்த்தார். கறிவேப்பிலைகூட இல்லை. வெறும் வாளியைத் தூக்கிக்கொண்டு நேரே ஆவுடையம்மாளிடம் போனார்.

ஆசிரியை வாளிக்குள் எட்டிப் பார்த்தார்.

"நல்லா சாப்பிட்டாங்களா, அண்ணாச்சி?"

"இலையைப் பாத்தாலே தெரியுமே, அம்மா."

ஆவுடையம்மாள் செருப்பை மாட்டிக்கொண்டார்.

"வாங்க, வாசல் வரைக்கும் போயிட்டு வருவோம்."

வாசலுக்கு எதிரே பஸ் நிறுத்தம். அதை ஒட்டி ஒரு பெட்டிக்கடை. வந்தவர்கள் அத்தனை பேரும் அந்தக் கடையை மொய்த்துக்கொண்டிருந்தார்கள். பழத்தார் காலியாகிவிட்டது. பன் தீர்ந்துபோய்க் கடைக்காரர் முறுக்கு டப்பாவைத் திறந்துகொண்டிருந்தார். முப்பிடாதியின் அப்பா ஒரு பன்னைப் பிய்த்துப் பெரிய பாதியை மகளிடம் கொடுத்தார். அவள் வாயருகே கொண்டுபோகும்போது சங்கரபாண்டியைப் பார்த்தாள். சட்டென்று பன்னை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள்.

துப்பாக்கிச் சத்தத்துக்கு அசையாத மனிதர் அவர். அந்தக் கை பின்னால் போனதைப் பார்த்ததும் அவருக்கு வெட்கத்தில் எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை.

சாப்பாட்டில் ஒரு குறையும் இல்லை என்று அப்பாதான் அவசரமாகச் சமாதானம் சொன்னார். பிள்ளை பயந்துவிட்டாளாம். இலையில் மிஞ்சினால் இடம் கிடைக்காது என்று நினைத்தாளாம்.

சங்கரபாண்டி அவளிடம் மெதுவாகக் கேட்டார்.

"நீ இங்க வந்து சேருவியாம்மா?"

அவள் தரையைப் பார்த்தாள்.

"வைத்தியம் படிக்க ஆசைதான் சார். ஆனா மூணு வேளையும் இங்கதான சாப்பிடணும்?"

அவர் திரும்பி ஆசிரியையைப் பார்த்தார். ஆவுடையம்மாள் சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பஸ்ஸு வர இன்னும் ஒரு மணி நேரம் இருக்கு, அண்ணாச்சி" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

சங்கரபாண்டி அங்கேயே முடிவெடுத்தார். எல்லாரையும் திரும்ப வரச் சொன்னார். பரவாயில்லை, இருக்கட்டும் என்று இழுத்தவர்களிடம் அவர் வாதாடவில்லை. முப்பிடாதியின் அப்பாவின் கையிலிருந்த பையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு கல்லூரியைப் பார்த்து நடந்தார். பைக்குப் பின்னால் அப்பாவும், அப்பாவுக்குப் பின்னால் மற்றவர்களும் வந்தார்கள்.

மறுபடி இலை போட்டார்கள். இந்த முறை சோற்று வாளி அவர் கையில். விதி எதுவும் சொல்லவில்லை. இலைக்குக் குறுக்கே கை வைத்தவர்கள் முன்னால் அந்தக் கை விலகும்வரை நின்றார். எந்த ஊர், ஊரில் மழை உண்டா, வீட்டில் எத்தனை பேர் என்று ஒவ்வொருவரையும் விசாரித்தார். மூன்றாவது வரிசைக்கு வரும்போது கூடத்தில் சந்தைக்கடைச் சத்தம். யாரோ சாம்பார் கேட்டுக் குரல் கொடுத்தார்கள். அவரே ஓடினார். முப்பிடாதி மூன்று தடவை சோறு வாங்கினாள். முடியாமல் திணறியவர்களிடம், இருக்கட்டும், வைத்துவிட்டு எழுந்திருங்கள் என்று அவரே சொன்னார்.

பஸ்ஸுக்கு ஓடும்போது முப்பிடாதி வாசலில் நின்று, கல்லூரி எப்போது திறக்கும் என்று கேட்டுவிட்டுப் போனாள்.

எல்லாரும் போன பிறகு இலைகளை அவரே வழித்தார். கால் வாளி சோறு சேர்ந்தது. அதைத் தூக்கிக்கொண்டு போய் ஆவுடையம்மாள் முன்னால் வைத்துவிட்டு, மேலதிகாரி முன்னால் நிற்பதுபோல் விறைப்பாக நின்றார்.

"மிஞ்சிட்டு, அம்மா. ஒரு பருக்கை மிஞ்சாம நடத்தணும்னு நெனச்சேன். முடியல. இனிமே கூடத்தைக் கேக்க மாட்டேன்."

ஆவுடையம்மாள் வாளியைப் பார்த்தார். பின்கட்டுத் தொழுவத்திலிருந்து ஒரு மாடு கத்தியது.

"இதைக் கொண்டுபோய் மாட்டுக்கு வைங்க, அண்ணாச்சி. மத்தியானத்துல இருந்து அது கத்திக்கிட்டேதான் கெடக்கு, உங்க காதுலதான் விழல. நாளையில இருந்து கூடமும், அது கத்தாம பாத்துக்கிடுறதும் உங்க பொறுப்புதான்."