கூடாரத்துக்கு ஒரு குடிசை

ஊத்துமேட்டு ஆட்கள் சொன்ன சொல்லைத் தட்டாதவர்கள். அந்த ஊருக்கு வந்த வினையே அதுதான்.

அந்த ஊர் இசக்கியப்பனுக்குப் பக்கத்து ஊர் ஆவுடையப்பன் மகள் கோமுவைக் கட்டிக்கொள்ள ஆசை. கோமுவுக்கும் சம்மதம், ஏனென்று அவளைத்தான் கேட்க வேண்டும். மலைக்காட்டில் சர்வே வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஆவுடையப்பனுக்குப் பொறுப்பில்லாதவனைக் கண்டால் ஆகாது. தன் பழைய கூடாரத்தைக் கொடுத்துச் சோதனை வைத்தார்.

“சைக்கிள்ல குத்தாலம் போயி, ஒரு ராத்திரி வெளிய தங்கிட்டு வாரும். சாரல் காலம். ஈரக் கூடாரம் மக்கிப் போகும், காஞ்சபடியே என் கைக்கு வரணும். காத்து பலமா அடிக்கும், முளைக்குச்சி அடிச்சு இறுக்கிக் கட்டணும். இந்த ரெண்டுல ஒண்ணு தப்புனாலும் என் மக உமக்குக் கிடையாது.”

இசக்கியப்பன் இரண்டையும் மனப்பாடம் செய்துகொண்டான். துணைக்கு அவன் கூட்டாளிகள் கொம்பையாவும் மாடக்கண்ணுவும் ஆளுக்கொரு சைக்கிளில் கிளம்பினார்கள். கூடாரத்தைச் சுருட்டி, பாலிதீன் தாள் சுற்றி, கேரியரில் கட்டியாயிற்று. இவர்கள் துணிமணிக்குத்தான் தாள் மிச்சமில்லை.

பாவூர்சத்திரம் தாண்டியதும் காற்று முகத்தில் அறைந்தது. எவ்வளவு மிதித்தாலும் சைக்கிள் நகரவில்லை.

“டயர்ல காத்து கம்மி. அதான் ஓடமாட்டேங்கு,” என்றான் மாடக்கண்ணு.

கொம்பையா யோசித்தான். அவன் யோசித்தால் ஊரே பயப்படும். “இம்புட்டுக் காத்து வீணாப் போகுதுல்லா? வால்வைக் கழத்தி எதுத்தாப்புல பிடிச்சா தானா ஏறிராதா?”

நியாயமாகத்தான் பட்டது. ஆறு டயரையும் திறந்து பிடித்தார்கள். புஸ்ஸென்று சத்தம் வந்தது. “ஏறுது, ஏறுது,” என்றான் மாடக்கண்ணு. சத்தம் அடங்கியதும், “நெறஞ்சிட்டு,” என்று மூடினார்கள். மிச்சத் தூரத்தைத் தள்ளிக்கொண்டே போக வேண்டியதாயிற்று.

பொழுது சாயும்போது மலையடிவாரத்தில் ஒரு தென்னந்தோப்பை அடைந்தார்கள். மழை பிடித்துக்கொண்டது. கொம்பையா கூடாரத்தின் கட்டை அவிழ்க்கப் போனான். இசக்கியப்பன் பாய்ந்து அவன் கையைப் பிடித்தான். கண்முன்னே கோமு கை நழுவிப் போவது தெரிந்தது.

“எலே, மழையில பிரிச்சா நனைஞ்சிராதா?”

“ஆமா. மழை விட்டப்புறம் பிரிப்போம்.”

“அதுவரைக்கும் எங்க வைக்க? தாள் காத்துல கிழியப் பாக்குதுல்லா?”

மூவரும் மழையில் நின்றபடி வெகுநேரம் ஆலோசித்தார்கள். முடிவில் தோப்புக்காரரிடம் கெஞ்சித் தென்னங்கீற்று வாங்கி, கம்பு நட்டு, அழகாக ஒரு குடிசை போட்டார்கள். சுருட்டிய கூடாரத்தை உள்ளே வைத்து, முளையடித்துக் கயிறு போட்டு இறுக்கினார்கள். இடம் கச்சிதமாக இருந்தது, கூடாரத்துக்கு மட்டும்.

ஆடு ஓட்டி வந்த ஒருவர், குடிசை வாசலில் மூன்று பேர் தொப்பலாக நனைந்து நடுங்குவதைப் பார்த்து நின்றார்.

“உள்ள யாருய்யா? சீக்காளியா?”

“கூடாரம்,” என்றான் இசக்கியப்பன்.

அவர் இரண்டடி பின்வாங்கினார். ஆடுகளைச் சற்று வேகமாக ஓட்டிக்கொண்டு போனார்.

மறுநாள் சைக்கிள் கடையில் காற்றடித்துக்கொண்டு ஊர் திரும்பினார்கள். கூடாரம் காய்ந்து வந்தது. இசக்கியப்பன் காய்ச்சலோடு வந்தான். ஆவுடையப்பன் கூடாரத்தைத் தடவினார், உதறினார், முகர்ந்தும் பார்த்தார். பொட்டு ஈரமில்லை. அவர் சர்வீசிலேயே சாரலுக்குப் போய் இப்படித் திரும்பிய கூடாரம் கிடையாது. எப்படி என்று கேட்கக்கூடத் தோன்றாமல் கண் கலங்கிவிட்டார்.

“மாப்ளே! என் மகளையும் இதே மாதிரி பாத்துக்கிடணும்.”

“சரி மாமா.” இசக்கியப்பன் அதையும் மனப்பாடம் செய்துகொண்டான்.

ஆவணியில் கல்யாணம். தாலி கட்டிப் பெண்ணை அழைத்துப்போகும் நேரம் பார்த்து, சாரலும் காற்றும் வந்துவிட்டன. மண்டப வாசலில் இசக்கியப்பன் புதுப் பாலிதீன் தாளை விரித்தான்.

“சுருட்டணுமா, மடிக்கணுமா?” என்று கவலையோடு கேட்டான் மாடக்கண்ணு.

“சுருட்டுனாத்தாம்ல கேரியர்ல நிக்கும்,” என்றான் இசக்கியப்பன்.

“பட்டுச்சேலை கசங்கும்லா?” என்றான் கொம்பையா.

கோமு மூவரையும் ஒரு பார்வை பார்த்தாள். முந்தானையை இடுப்பில் செருகினாள். மாப்பிள்ளையின் சைக்கிளை எடுத்து, மாப்பிள்ளை வீட்டுக்குத் தானே மிதித்துப் போய்விட்டாள்.

வாதம் முடிந்து இவர்கள் நிமிர்ந்தபோது பெண்ணையும் காணோம், சைக்கிளையும் காணோம். இசக்கியப்பன் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டான்.

“முதல்ல முளையடிச்சுக் கட்டுலேன்னு அப்பவே சொல்ல நெனச்சேன்,” என்றான் கொம்பையா. “இப்பப் பாரு, காத்து தூக்கிட்டுப் போயிட்டு!”