ஐந்தாவது அறை

ஐப்பசிப் புயலில் வைரவநாதனின் தம்பி படகோடு காணாமல் போனார். உடல் கரை சேரவில்லை. அப்படிப் போனவர்களுக்குத் தர்ப்பையால் உருவம் செய்து எரித்து, சாம்பலைக் கடலில் கரைப்பது அந்தப் பக்கத்து வழக்கம். வைரவநாதன் சம்மதிக்கவில்லை. கடலோர ஆசிரமத்தில் போய்ச் சேர்ந்துகொண்டார்.

மறு ஐப்பசியில் ஒரு காலை, தம்பி மனைவி பவளக்கொடி அங்கே வந்தாள்.

"அத்தான், இன்னும் அவருக்கு ஒரு தட்டு வைக்கச் சொல்றீங்க. காக்காதான் தின்னு கொழுக்குது. பிள்ளைங்க வாசக்கதவைப் பார்த்துக்கிட்டே தூங்குதுங்க. நாளையோட ஒரு வருஷம். நாளைக்காவது சடங்கை முடிச்சு விடுங்க."

"ஒரு எலும்பாவது வரட்டும். புல்லைக் கொளுத்திட்டு என் தம்பின்னு சொல்ல மாட்டேன்."

பவளக்கொடி, பக்கத்தில் இருந்த ஆசிரமத்துக் குருவைப் பார்த்தாள். குரு, வைரவநாதனைவிட இளைய பெண். முன்பு கல்லூரியில் விலங்கியல் நடத்தியவர். நுண்ணோக்கியை எடுத்து வந்தார். அதனடியில் ஒரு கண்ணாடிக் கிண்ணம். ஆழ்கடலுக்குப் போன படகு கொண்டுவந்த தண்ணீர்.

"பாருங்க."

வைரவநாதன் குனிந்தார். நான்கு உருண்டை அறைகள் ஒட்டிய ஓர் ஓடு. சுவரெங்கும் துளைகள். துளைகள் வழியே நூல்கள் நீண்டு எதையோ தடவின.

"கண் தெரியுமா இதுக்கு?"

"கண் இல்லை. கை இல்லை. மொத்தமே ஒரு செல் உள்ள கடல் உயிர்."

மாலையில் மறுபடி பார்க்கச் சொன்னார். அறைகள் ஐந்து.

"சுண்ணாம்பு ஏதாவது போட்டீங்களா, அம்மா?"

"வெறும் கடல் தண்ணி."

"அப்புறம் எதை வச்சுக் கட்டிச்சு?"

"தண்ணியில கரைஞ்சதை வச்சு."

"என்ன கரைஞ்சிருக்கு?"

"பாறை. சிப்பி. எலும்பு."

வைரவநாதன் சட்டென்று தலையை எடுத்தார்.

"எலும்பு கிடைச்சிருந்தா என்ன செஞ்சிருப்பீங்க?" என்று குரு கேட்டார்.

"எரிச்சு, சாம்பலைக் கடல்ல..." அவர் பார்வை கிண்ணத்துக்குப் போனது.

காலையிலிருந்து போகாமல் உட்கார்ந்திருந்த பவளக்கொடி எழுந்து வந்து பார்த்தாள். பார்த்தவள் பின்வாங்கினாள்.

"அந்த நூல் என் பக்கம் நீளுது."

வெளியே அலை கேட்டது.

"தர்ப்பைக்குச் சொல்லிடு," என்றார் வைரவநாதன் அவளிடம். பிறகு குருவின் பக்கம் திரும்பினார். "இதை என்ன செய்யறது?"

"நாளைக்குச் சாம்பலோட கொண்டுபோய் விட்டுடுங்க."

அவர் கிண்ணத்தை மூடப் போனார். குரு அவர் கையைத் தடுத்தார்.

"இப்ப மூட வேணாம். அடுத்த அறையைத் தொடங்கிடுச்சு."