பூசணம் சொன்ன சாட்சி

முன்னொரு காலத்தில் ஒரு ராஜா இருந்தார். நல்லவர்தான், கோபம் வந்தால் மட்டும் காது கேட்காது. அந்தக் காது திறக்கிற நேரம் பார்த்துப் பேசத் தெரிந்த ஒரே ஆள், அவருடைய விகடகவி வீழிநாதன்.

ராஜாவுக்கு ஒரு நாள் மலைக்கோயிலுக்குப் போக ஆசை வந்தது. வழிக்கு மடைப்பள்ளிச் செங்கமலம் சுடும் அரிசி அடைதான் வேண்டும் என்றார். அவளும் சுட்டாள். கல்லிலிருந்து எடுத்த சூட்டோடு அடை பொற்பேழைக்குள் போனது. மூடியைச் சுற்றி அரக்கு வைத்து முத்திரை குத்தினார் அதிகாரி தாண்டவராயர். யாரும் விஷம் கலந்துவிடக் கூடாது என்று அவரே கொண்டுவந்த வழக்கம் அது. சில நாள் பயணத்துக்குப் பிறகு மலையுச்சியில் பேழையைத் திறந்தால், அடைக்குப் பச்சைத் தாடி முளைத்திருந்தது!

"அரசே, அவள் சென்ற ஆடியில் கணவனை இழந்தவள். ராசியற்ற கை. அது தொட்டது எப்படி விளங்கும்?" என்றார் தாண்டவராயர்.

"ஊர் திரும்பியதும் அவளை வெளியேற்றுங்கள்!" என்றார் ராஜா.

செய்தி கேட்டு வீழிநாதன் மடைப்பள்ளிக்கு ஓடினான். செங்கமலம் வலது கையை முந்தானைக்குள் சுருட்டி வைத்துக்கொண்டு, இடது கையால் மூட்டை கட்டிக்கொண்டிருந்தாள்.

"விடுங்கண்ணே. அவர் சொல்றதுல என்ன தப்பு? எங்க வீட்டுக்காரருக்குக் கடைசியா கஞ்சி ஊட்டுனதும் இந்தக் கைதானே?"

அவளைத் துரத்துவது கொடுமை. அவளையே இதை நம்பவைத்தது அதைவிடக் கொடுமை. ஊரையே சிரிக்க வைக்கும் வீழிநாதன் நெஞ்சு பொறுக்காமல் நேரே சபைக்குப் போனான்.

"அரசே, அடையைக் கெடுத்தது பூசணம். அதை விசாரிக்காமல் தீர்ப்புச் சொல்லலாமா?"

"அப்படியா? பூசணத்தைச் சாட்சி சொல்ல வை. பேசினால் அவள் இருக்கட்டும். பேசாவிட்டால் அவளோடு நீயும் கிளம்பு" என்றார் ராஜா. தாண்டவராயருக்குப் பாயசம் குடித்த மாதிரி இருந்தது.

மறுநாள் சபை நடுவே அடுப்பு மூட்டினார்கள். ஒரே மாவு, ஒரே கல். செங்கமலம் வீழிநாதன் சொன்னபடி அந்த வலது கையாலேயே இரண்டு அடை சுட்டு, கையை மறுபடி முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள். ராசியான கை வேண்டுமென்று தாண்டவராயரையும் உட்கார வைத்தான் வீழிநாதன். அவர் விரலைச் சுட்டுக்கொண்டு, கோணல்மாணலாக இரண்டு சுட்டார். ஆளுக்கொரு அடையைச் சூட்டோடு ஆளுக்கொரு பேழையில் வைத்து முத்திரை குத்தினார்கள். மற்ற இரண்டையும் ஆறவிட்டு, மெல்லிய துணி போர்த்தி, காற்றோட்டமான சாளரத்தருகே முறத்தில் வைத்தார்கள். மலைப்பயணத்துக்கு ஆன நாள் அத்தனையும் காவல் போட்டார்கள்.

பிறகு சபை கூடியது. பேழைகளைத் திறந்தால் இரண்டிலும் தாடி. முறத்திலிருந்த இரண்டும் காய்ந்திருந்தன. பூசணம் பொட்டளவும் இல்லை.

வீழிநாதன் பேழையில் காதை வைத்து, "ஆகட்டும், ஆகட்டும்" என்று தலையாட்டினான்.

"என்ன சொல்கிறது?"

"'கையை மாற்றிப் பார்த்தீர்கள், நான் வந்தேன். மூடியை எடுத்துப் பார்த்தீர்கள், நான் வரவில்லை. சூட்டோடு மூடினால் ஆவி உள்ளேயே வேர்க்கிறது. அந்த ஈரம்தான் எனக்கு வீடு' என்கிறது அரசே. தாண்டவராயரிடமும் ஒன்று கேட்கிறது: 'ஐயா, உங்கள் அடையிலும் நான் இருக்கிறேனே, நீங்கள் எந்த ஆடியில் கணவரை இழந்தீர்கள்?'"

சபை அதிர்ந்தது. ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். தூணோரம் நின்ற செங்கமலத்துக்கும் அழுகையோடு சிரிப்பு வந்துவிட்டது.

"கேள் வீழிநாதா, என்ன பரிசு வேண்டும்?"

"அவள் கையால் ஓர் அடை, அரசே. இந்தச் சபையில் தாங்கள் வாங்கி உண்ண வேண்டும்."

ராஜாவின் சிரிப்பு அடங்கியது. சிம்மாசனத்திலிருந்து இறங்கி வந்து இரு கையையும் ஏந்தினார். "என் மேல்தான் தப்பு, அம்மா. போடு."

செங்கமலம் முந்தானைக்குள்ளிருந்து வலது கையை எடுத்தாள். சபை அடுப்பிலேயே ஓர் அடை சுட்டு, ராஜாவின் கையில் வைத்தாள். ராஜா ஆசையாகக் கடித்து, 'ஸ்ஸ்' என்று துள்ளினார்.

"ஆறவிட்டுச் சாப்பிடுங்க மகாராசா! அத்தனை சாட்சியும் அதைத்தானே சொல்லிச்சு?"

ராஜா மறுபடி விழுந்து விழுந்து சிரித்து, தன் முத்துமாலையைக் கழற்றி வீழிநாதன் கழுத்தில் போட்டார். செங்கமலம் அதைப் பார்க்கவில்லை. அடுத்த அடைக்கு மாவை எடுத்து, வலது கையால் தட்டிக்கொண்டிருந்தாள்.