ஹபீப் சாப்பிடாத காரணம்

டாக்டர் ரெஜினா குழந்தைகளின் குடல் நோய்களைப் பார்ப்பவர். அவரிடம் பயிற்சிக்கு வந்திருந்த சிவப்பிரகாசம் அவரைவிட வயதில் மூத்தவர். ஒரு மாவட்ட மருத்துவமனையில் நெடுங்காலம் குழந்தை மருத்துவராக இருந்தவர்.

ஒருநாள் காலை நூர்ஜகான் தன் மகன் ஹபீபைத் தூக்கிக்கொண்டு வந்தாள். மூன்று வயது. பார்த்தால் ஒன்றரை வயதுப் பிள்ளை மாதிரி இருந்தான்.

“சாப்பாட்டைக் கண்டாலே வாயை மூடிக்கிறான். சில நாள் வாந்தியும் எடுக்கிறான்.”

சிவப்பிரகாசம் சோதித்தார். வயிறு மெத்தென்று இருந்தது. ரத்தப் பரிசோதனையிலும் பெரிதாக ஒன்றுமில்லை.

“அடம்தாம்மா. ஒரு வேளை பட்டினி போடுங்க. பசிச்சா தானா கேப்பான்.”

“போட்டுப் பார்த்தேன் டாக்டர். அவன் கேக்கவே இல்ல.”

பக்கத்து மேசையிலிருந்த ரெஜினா எழுந்து வந்தார்.

“கையில ஏதாவது கொண்டு வந்திருக்கீங்களா? இப்ப ஊட்டுங்க.”

நூர்ஜகான் இட்லியை நகத்தளவு பிய்த்துக் கொடுத்தாள். ஹபீப் வெகுநேரம் மென்றான். விழுங்கிவிட்டுத் தண்ணீர் பாட்டிலைப் பிடுங்கிக் குடித்தான். அது இறங்கும்வரை கண்ணை மூடிக்கொண்டான். அடுத்த வாய்க்கும் அப்படியே. பிறகு அம்மாவின் கையைத் தள்ளிவிட்டான்.

“எப்பவும் இப்படித்தானா?”

“தண்ணி இல்லாம ஒரு வாய் இறங்காது, மேடம்.”

அந்த வாரமே அவனை மயக்கத்தில் ஆழ்த்தி, வாய்வழியே கேமராக் குழாயை விட்டு எண்டோஸ்கோபி செய்தார்கள். திரையில் உணவுக்குழாய் வழவழப்பாக, இளஞ்சிவப்பாகத் தெரிந்தது.

“நல்லாத்தானே இருக்கு மேடம். கேமராவை வெளிய எடுத்துடலாமா?”

“இல்ல. சதை எடுக்கணும்.”

மேலே, நடுவே, கீழே என்று துளித் துளியாகக் கிள்ளி எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பினார்.

முடிவு வந்தது. உணவுக்குழாயின் உள்தோல் முழுக்க, ஒவ்வாமையில் பெருகும் அணுக்கள் கூட்டம் கூட்டமாக இருந்தன. குழாய் உள்ளுக்குள்ளேயே அழன்றுகொண்டிருந்தது. சிவப்பிரகாசம் அதை இரண்டு முறை படித்தார்.

அந்த ஒவ்வாமையைத் தூண்டக்கூடிய பாலையும் பால் கலந்த எல்லாவற்றையும் நிறுத்தினார்கள். அழற்சியைத் தணிக்கும் மருந்தைக் கூழ்போலக் குழைத்து விழுங்கக் கொடுத்தார்கள். சில மாதம் கழித்து மறுபடியும் சதை எடுத்துப் பார்த்தபோது, அந்த அணுக்கள் ஏறக்குறைய முழுவதும் மறைந்திருந்தன.

“நேத்து என் தட்டுல இருந்த சோத்தையும் எடுத்துத் தின்னுட்டான்” என்றாள் நூர்ஜகான். சொல்லி முடிப்பதற்குள் அழுதுவிட்டாள். “எல்லாரும் என் வளர்ப்பு சரியில்லன்னு சொன்னாங்க.”

சிவப்பிரகாசத்தால் அவளை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

அவர்கள் போன பிறகு கேட்டார்.

“இவ்வளவு அரிதான நோய். உங்களுக்கு எப்படி மேடம் தோணுச்சு?”

ரெஜினா கையைக் கழுவிக்கொண்டிருந்தார்.

“அரிதுங்கறது நமக்கு, டாக்டர். அவனுக்கு அது தினமும் மூணு வேளை.”