பதினொரு புள்ளி

முற்றிய திராட்சைக் கொடியைத் தரைக்கு வளைக்கும்போது, முறிவதற்குச் சற்று முன்னால் அது ஒரு சத்தம் போடும். பழைய கட்டிலில் யாரோ புரண்டு படுப்பதுபோல.

அந்தச் சத்தத்தைக் கேதீஸ்வரன் முதன்முதலில் கேட்டது பல வருடங்களுக்கு முன்னால், ஒன்ராறியோ ஏரிக்கரையில், ஒரு நவம்பர் காலையில். கொடியை வளைத்துப் பிடித்திருந்தவள் அவருடைய மனைவி தயாபரி. சத்தம் வந்ததும், போதும் என்பதாக, "காணும், காணும்" என்றாள். அவரிடம் அல்ல, கொடியிடம். பிறகு அவர் மண்ணை அள்ளிப் போட்டு மூடினார்.

அந்தக் கரையில் அப்படித்தான். மூடாமல் விட்டால் பனியில் கொடி செத்துவிடும். நவம்பரில் புதைத்து, ஏப்ரலில் கிளறி எடுக்கவேண்டும். ஒருவர் வளைக்க, ஒருவர் மண் போட. தனி ஆளுக்கு ஆகாத வேலை.

ஒரு பனிக்காலத்தில் தயாபரி இறந்துபோனாள்.

அடுத்து வந்த மே மாதம் கேதீஸ்வரன் ஒரு போத்தலோடு சுகிர்தா வீட்டுக்குப் போனார். குளிர்நாட்டு வைன்களுக்கு நடக்கும் போட்டிகளில் நடுவராக இருப்பவர் சுகிர்தா. வீட்டு நிலவறையில் வைன் சுவைக்கக் கற்றுக்கொடுத்தும் வந்தார். கேதீஸ்வரனைவிடப் பதினைந்து வயதாவது இளையவர். கேதீஸ்வரன் சுகிர்தாவை ரீச்சர் என்றார். சுகிர்தா அவரை அண்ணை என்றார். இருவருக்கும் அது விசித்திரமாகப் படவில்லை.

"இது எங்கடை தோட்டத்து வைன், ரீச்சர். ஒருக்கா வாயில வச்சுப் பாத்துச் சொல்லுங்கோ. நல்லதோ, இல்லையோ?"

"சொன்னால் என்ன செய்வியள்?"

"பக்கத்துக் காணிக்காரன் எங்கடை காணியைக் கேக்கிறான். கொடியைப் பிடுங்கிப்போட்டுச் சோளம் போடப்போறானாம். மகளும் ரொறன்ரோவில இருந்துகொண்டு, வித்துப்போட்டு வாங்கோ அப்பா எண்டு நிக்கிறாள். நிலம் பனியில இறுக முன்னம் பதில் சொல்லவேணும். வைன் நல்லதெண்டால் வச்சிருப்பன். இல்லையெண்டால் குடுத்திடுவன்."

"நீங்கள் குடிச்சுப் பாக்கேல்லையோ?"

"இல்லை."

"ஏன்?"

"பயம். அவள் கடைசியாப் பறிச்ச பழம். போத்தலில அடைச்சதுதான் நான்."

சுகிர்தா போத்தலை வாங்கினார். திறக்கவில்லை. அலுமாரித் தட்டில் பின்னால் தள்ளி வைத்தார்.

"என்ன ரீச்சர், பாக்கேல்லையோ?"

"காணி உங்கடை. உங்கடை நாக்குச் சொல்லட்டும். வியாழக்கிழமையில வாங்கோ."

முதல் வியாழன், சுகிர்தா கொடுத்ததைக் கேதீஸ்வரன் வாங்கி விழுங்கினார்.

"அண்ணை, விருந்துக்கோ வந்தனீங்கள்?"

"ஏன்?"

"விழுங்கிப்போட்டியள்."

"நல்லாயிருந்தது, ரீச்சர்."

"விழுங்கினால் எல்லாம் நல்லாத்தான் இருக்கும். இஞ்சை துப்புங்கோ." காலால் ஒரு தகர வாளியை அவர் பக்கம் நகர்த்தினார்.

"வாயில வச்சதைத் துப்பினால் எங்கடை அம்மா அகப்பைக் காம்பாலை அடிப்பா."

"அம்மாவை மேலை விறாந்தையில இருத்திப்போட்டு நீங்கள் மட்டும் கீழை இறங்கி வாங்கோ."

அவர் துப்பப் பழகினார். முதலில் சட்டையில். பிறகு தரையில். ஜூலையில்தான் வாளியில்.

சுகிர்தா ஊற்றியதெல்லாம், பெயரைக் கேட்டால் வைன் நினைவுக்கு வராத ஊர்களுடையவை. நோவா ஸ்கோஷியா. தஸ்மேனியா. ஹொக்கைடோ. இங்கிலாந்தின் தென்கரை. வெயிலுக்குக் காத்திருந்தே ஆண்டு முடிந்துபோகிற இடங்கள்.

"என்ன மணக்குது?"

"கூஸ்பெரி, ரீச்சர்."

"கூஸ்பெரி திண்டிருக்கிறியளோ?"

"இல்லை. புத்தகத்தில போட்டிருக்கு."

"அப்ப புத்தகத்தை நக்கினனீங்களோ?"

அவர் சிரித்தார். கண்ணை மூடிக்கொண்டு மறுபடி மணந்தார்.

"மழை விட்ட கையோட கிணத்துக்கட்டில வாற மணம். சீமெந்து நனைஞ்ச மணம். பிறகு… எலுமிச்சம் இலையைக் கசக்கினால் வருமே, அது."

"இப்ப நீங்கள் கதைக்கிறியள்," என்றார் சுகிர்தா.

இன்னொரு நாள், வாயில் வைத்த உடனேயே கேதீஸ்வரன் முகத்தைச் சுளித்தார்.

"வெறும் புளி."

சுகிர்தா தன் கிளாஸை இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவே பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கேதீஸ்வரன் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் பொறுக்கமுடியாமல் கேட்டார்.

"என்ன ரீச்சர் செய்யிறியள்?"

"குளிருக்குள்ளை இருந்து வந்தது, அண்ணை. வந்த உடனை கதைக்காது."

"எங்கடை மருமகனும் அப்பிடித்தான்."

"அவரைக் கையில பொத்தி வச்சிருக்கேலாது. இதை ஏலும்."

அவரும் பொத்திப் பிடித்தார். கொஞ்ச நேரத்தில் புளிக்குப் பின்னாலிருந்து ஏதோ ஒரு பூ எட்டிப் பார்த்தது. அன்றிலிருந்து எந்தக் கிளாஸையும் அவர் முதல் மிடறில் குறை சொன்னதில்லை.

செப்டம்பரில் இங்கிலாந்து வைன் ஒன்று வந்தது. கேதீஸ்வரன் சுவைத்தார், துப்பினார். இருபதுக்குப் பதின்மூன்று போட்டார். போட்டி மேசையில் பதினைந்துக்குக் கீழே பதக்கம் இல்லை.

சுகிர்தா போத்தலைத் துடைத்துக்கொண்டே சொன்னார்.

"இதைச் செய்தவை புருசனும் பெண்சாதியும். கொடி துளிர்விட்ட நேரம் பனி இறங்கிட்டுது. வரிசை வரிசையா மெழுகுதிரி கொளுத்தி வச்சுக்கொண்டு விடியுமட்டும் நிண்டவையாம். அப்பிடியும் முக்கால்வாசி கருகிப்போச்சு. மிஞ்சின குலையில செய்த வைன் இது."

கேதீஸ்வரன் கிளாஸையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப பதினாறு, ரீச்சர்."

சுகிர்தா அவருடைய கிளாஸை எடுத்து வாளிக்குள் கவிழ்த்தார்.

"ஏன்?"

"உங்கடை நாக்குப் பதின்மூண்டு எண்டது. மிச்சம் மூண்டையும் ஆர் போட்டது?"

"பாவம், அந்தச் சனம்…"

"அடுத்த போத்தல்காரனும் பாவம்தான். அவனிட்டைச் சொல்ல ஒரு கதையும் இல்லை. நல்ல வைன் மட்டும்தான் இருக்கு."

"அப்ப கதையை என்ன செய்யிறது, ரீச்சர்?"

சுகிர்தா கிளாஸ்களைக் கழுவினார். ஒவ்வொன்றாக வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்துத் துடைத்தார். துடைத்து முடித்து, துணியை உதறிக் காயப் போட்டார். அன்றைக்கு அவ்வளவுதான்.

நவம்பர் வந்தது. புல்லில் வெள்ளை பூத்த ஒரு காலையில் பக்கத்துக் காணிக்காரர் தொலைபேசியில் கூப்பிட்டு, ஞாயிறுக்கு முன்னால் பதில் வேண்டும் என்றார். அது வியாழக்கிழமை. கேதீஸ்வரன் மத்தியானமே நிலவறைக்கு வந்துவிட்டார்.

மேசையில் ஐந்து போத்தல்கள். ஐந்தும் கழுத்துவரை முழங்கால் உயரக் கம்பளிக் காலுறைகளுக்குள் நின்றன. பெயர் தெரியாமலிருக்கச் சுகிர்தா செய்யும் ஏற்பாடு அது.

"தோய்ச்ச காலுறையோ, ரீச்சர்?"

"மூக்கு இருக்குத்தானே, கண்டுபிடியுங்கோ."

அவர் தொடங்கினார். முதலாவதற்குப் பதினாலு. இரண்டாவதற்குப் பதினைந்து. மூன்றாவதை இருமுறை சுவைத்துவிட்டுப் பதினேழு என்றார். "இதைச் செய்தவனுக்கு வெயில் கைகுடுத்திருக்கு."

நான்காவதைக் கையில் பொத்திக்கொண்டு காத்திருந்தார். மணந்தார். மறுபடி காத்திருந்தார். பிறகு வாயில் எடுத்து, நாக்கின் இரண்டு பக்கமும் ஓடவிட்டு, துப்பினார்.

"பச்சை மாங்காய். உப்புத் தூள் போடாத பச்சை மாங்காய்."

"பிறகு?"

"நடுவில ஒண்டும் இல்லை. கடைசியில காம்புக் கசப்பு. பழுது எண்டு சொல்லேலாது, சுத்தமாச் செய்திருக்கினம். ஆனால் பழம் முத்த முன்னம் பறிச்சுப்போட்டினம். ஒரு கிழமை பொறுத்திருந்தால் இது வேறை வைன். ஆரோ அவசரக்காரர்."

"புள்ளி?"

"பதினொண்டு."

"கையில இன்னும் கொஞ்ச நேரம் வச்சுப் பாக்கிறியளோ?"

"வச்சுப் பாத்திட்டன், ரீச்சர். இதுக்கு மேலை வராது. பதினொண்டுதான்."

சுகிர்தா காலுறையை உருவினார்.

போத்தலில் ஒட்டியிருந்த துண்டில் கேதீஸ்வரனுடைய சொந்தக் கையெழுத்து.

அவர் கதிரையைத் தேடி உட்கார்ந்தார். மேலே யாரோ நடந்தார்கள். குழாயில் தண்ணீர் ஓடி நின்றது.

"அவசரக்காரர் எண்டு சொல்லிப்போட்டன்," என்றார்.

"சொன்னியள்."

"அவளுக்கு ஒப்பரேசனுக்கு நாள் குறிச்சாச்சு. நான் பொறு எண்டனான். இன்னும் இனிக்கேல்லை, ஒரு கிழமை பொறு, நான் ஆளைப் பிடிச்சுப் பறிக்கிறன் எண்டனான். தான் நிண்டு பறிக்கவேணுமாம். நிக்கவும் ஏலாது. சமையலறைக் கதிரையைத் தூக்கிக்கொண்டு போய் வரிசைக்குள்ளை வைப்பன். இருந்து பறிப்பாள். கை எட்டிற குலை முடிஞ்சால், 'தள்ளுங்கோ' எண்டுவாள். தூக்கி அடுத்த கொடியடியில வைப்பன்."

சுகிர்தா உருவிய காலுறையை மடித்து மேசையில் வைத்தார்.

"திரும்பி வருவன் எண்டுதான் போனவள்."

கேதீஸ்வரன் வாளிக்குள் எட்டிப் பார்த்தார்.

"புள்ளியை மாத்தலாமோ, ரீச்சர்?"

"மாத்தப்போறியளோ?"

அவர் கிளாஸை எடுத்தார். ஒரு மிடறு வாயில் எடுத்து, கண்ணை மூடி, வெகுநேரம் வைத்திருந்தார். பிறகு குனிந்து வாளியில் துப்பினார்.

"இல்லை. பதினொண்டுதான்."

"நான் போட்டாலும் பதினொண்டுதான், அண்ணை."

"அப்ப காணியைக் குடுக்கிறதுதான்."

சுகிர்தா எழுந்து அலுமாரியிலிருந்து ஒரு கிளாஸ் எடுத்தார். தினமும் சுவைக்கிற சின்னக் கிளாஸ் அல்ல, வீட்டுக்கு ஆட்கள் வந்தால் எடுக்கிற பெரிய கிளாஸ். அந்தப் போத்தலிலிருந்து அரைவாசிக்கு ஊற்றினார். வாளியைக் காலால் மேசைக்கு அடியில் தள்ளினார். ஐந்தாவது போத்தல் காலுறைக்குள்ளேயே நின்றது.

கிளாஸைக் கையில் பொத்திக்கொண்டு உட்கார்ந்தார். நிலவறையின் சின்ன ஜன்னலுக்கு வெளியே, தரை மட்டத்தில், காய்ந்த இலைகள் ஒன்றை ஒன்று தள்ளிக்கொண்டு ஓடின. அவர் ஒரு மிடறு குடித்தார். பிறகு இன்னொரு மிடறு. அவசரமில்லாமல், கிளாஸ் வெறுமையாகும்வரை குடித்தார்.

கேதீஸ்வரன் அவருடைய தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ரீச்சர், நீங்கள் துப்பேல்லை."

"இண்டைக்கு நான் விருந்துக்கு வந்தனான், அண்ணை." சுகிர்தா கிளாஸை அவர் பக்கம் நீட்டினார். "இன்னும் கொஞ்சம் விடுங்கோ."

அவர் ஊற்றினார். பிறகு தனக்கும் ஊற்றிக்கொண்டார்.

அந்த வருடம் கொடிகளை வளைத்துப் பிடிக்க மகள் ரொறன்ரோவிலிருந்து வந்தாள். கேதீஸ்வரன் காணியை விற்கவில்லை. அவர் இறந்த பிறகு அவள் விற்றாள். இப்போது அங்கே சோளம் நிற்கிறது.