கலப்பே இல்லாத டப்பா

கோவையில் புரோட்டீன் பவுடர் கம்பெனி நடத்தும் தாமோதரன் வாயைத் திறந்தால் நாலு தெருவுக்குக் கேட்கும். மாதிரிப் பவுடர் கலக்கும் செண்பகவல்லி ஒருநாள் யோசனை சொல்லித் தொலைத்தாள்.

"பால் திரிஞ்சா பிரியற தண்ணியில இருக்கற வே புரோட்டீன் சட்டுனு உடம்புல சேருதுங்க. கட்டியில இருக்கற கேசின் மதியம் வரைக்கும் பசி தாங்குதுங்க. ரெண்டையும் கலந்துடலாமுங்க சார்."

அவ்வளவுதான்!

"கலக்கறதா? 'ஒரே பொருள், கலப்பே இல்லை'னு டப்பா அச்சடிச்சாச்சு! ஒரே பொருள் ரெண்டு வேலையும் செய்யணும். நாளைக்குக் கொண்டு வா, இல்லேன்னா வேலைக்கே வராதே!"

மறுநாள் காலை அவள் ஒரு டம்ளரை நீட்டினாள். குடித்தவர் இளவட்டம் மாதிரி மாடி ஏறினார். மதியம் ஒரு மணிவரை சாப்பாட்டு ஞாபகமே வரவில்லை! ஆபீஸில் எல்லோரையும் கூப்பிட்டுக் கூட்டம் சேர்த்துவிட்டார்.

"பாத்தீங்களா, என் பிடிவாதம் ஜெயிச்சுது! சொல்லும்மா, என்ன பொருள்?"

"பாலுங்க சார். கொழுப்பையும் சர்க்கரையையும் எடுத்துட்டுப் பொடியாக்கினதுங்க. வே, கேசின் ரெண்டும் அதுலயே இருக்குதுங்க."

"அப்போ கலப்புதானே!"

"நான் கலக்கலீங்க சார், மாடு கலந்துச்சு. வேணும்னா அதுகிட்ட வேலைக்கு வராதேன்னு சொல்லுங்க."

ஆபீஸே கொல்லென்று சிரித்தது. டப்பாவை மாற்ற வேண்டாம் என்பது உறைத்ததும் தாமோதரனும் சேர்ந்து சிரித்துவைத்தார்.